ஒரு நாளில் ஓர் ஊரைக் காண்பது

ஒரே நாளில் ஓர் ஊரைப் பார்த்துவிட முடியுமா? இக்கேள்வியை இலக்கியம் பயின்றவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் முகம் சுளிப்பர். பேருந்தில் கூட்டமாக ஏற்றிச் சென்று, ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கம் சொல்ல, குறித்த நேரத்தில் இறக்கி, குறித்த நேரத்தில் ஏற்றி, மாலையில் வீட்டில் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டைச் 'சுற்றுலா' என்று ஒதுக்குவர். தாம் தனியே மேற்கொள்வதைப் 'பயணம்' என்று உயர்த்திக்கொள்வர். இந்தப் பாகுபாட்டில் நமக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது. அந்த ஒரு நாளைக் கேலி செய்வதால் யாருக்கும் நன்மை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஒரு நாளில் நமக்கு வழிகாட்டுபவர் யார்? அவர் எதைக் காட்டுகிறார்? எதைக் காட்டாமல் விடுகிறார்?

இந்தக் கேள்வியை நெதர்லாந்திலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கும். ஐரோப்பியச் சுற்றுலா சென்று திரும்பும் நம்மவர்கள் பலரின் படத்தொகுப்பில் கீத்தோர்ன் என்னும் சிற்றூர் தவறாமல் இடம்பெறுகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து காலையில் பேருந்தில் புறப்பட்டு, படகில் ஒரு சுற்றுச் சுற்றி, மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணத்துக்கு அது பெயர்பெற்ற ஊர். ஊரின் பழைய பகுதியில் வண்டிச் சாலை இல்லை, வாய்க்கால்களே தெருக்கள். வீட்டுக்கு வீடு மரப்பாலம். ஓசை எழுப்பாத மின்கலப் படகுகள். ஓலைக் கூரை வேய்ந்த பண்ணை வீடுகள். 1958இல் பெர்ட் ஹான்ஸ்ட்ரா இயக்கிய 'ஃபான்ஃபாரே' என்ற திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டது. அதன் பிறகே அந்நாட்டு மக்களின் கண் அவ்வூர்மேல் விழுந்தது. இன்று மூவாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் அவ்வூருக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் என்னும் அளவில் மக்கள் வந்து போகிறார்கள்.

அந்த வாய்க்கால்கள் எப்படி வந்தன? அழகுக்காக எவரும் அவற்றை வெட்டவில்லை. அப்பகுதி முழுவதும் சதுப்பு நிலம். மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான கரிமண்ணை வெட்டியெடுத்து, உலர்த்தி, அடுப்பெரிக்க விற்றார்கள். வெட்டிய மண்ணைப் படகில் ஏற்றிச் செல்ல வாய்க்கால் தேவைப்பட்டது. வெட்டிய இடங்களில் நீர் தேங்கிக் குளங்களும் ஏரிகளும் உண்டாயின. பேராசையால் கரைகளை மிக ஒடுக்கமாக விட்டு வெட்டிய இடங்களைப் புயல் வெள்ளம் அரித்து விழுங்கியது. 1776ஆம் ஆண்டு வெள்ளத்தில் பக்கத்திலிருந்த பேலாக்க என்னும் ஊரே அழிந்துபோனது. வைக்கோல் ஏற்றிய படகு அடியில் நுழைந்து செல்ல வேண்டும் என்பதற்காகவே பாலங்கள் உயர்ந்து வளைந்திருக்கின்றன. ஆக, இன்று பயணிகள் படம் பிடிக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் இடுப்பளவு சேற்றில் நின்று மண் வெட்டியவர்களின் முதுகு இருக்கிறது. ஒரு மணி நேரப் படகுச் சவாரியில் இந்தச் செய்தி அரை நிமிடம் சொல்லப்பட்டால் அதிகம். 'வடக்கின் வெனிஸ்' என்ற பட்டம் மட்டும் பலமுறை சொல்லப்படும்.

இந்தப் பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஊரை இன்னோர் ஊரின் பெயரால் அழைப்பது அதைப் பார்க்காமல் இருப்பதற்கான எளிய வழி. ஆலப்புழையைக் 'கிழக்கின் வெனிஸ்' என்கிறோம். மதுரையைக் 'கிழக்கின் ஏதென்ஸ்' என்கிறோம். ஏதென்ஸ் நகரத்தார் எவரும் தம் ஊரை 'மேற்கின் மதுரை' என்று சொல்லிக் கேட்டதில்லை!

கீத்தோர்னில் நடப்பது நம் ஊரிலும் நடக்கிறது என்பதே நாம் சொல்ல வருவது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியும் மனிதக் கைகள் வெட்டிய நீர்நிலைகளால் ஆனது. விமானத்தில் மதுரைக்கு வருபவர்கள் மழைக்காலத்தில் சாளரம் வழியே கீழே பார்த்தால் அது விளங்கும். பிறை வடிவில், ஒன்றன்கீழ் ஒன்றாக, வெயிலில் மின்னும் கண்மாய்கள். மேட்டிலிருக்கும் கண்மாய் நிறைந்தால் அதன் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. இந்தத் தொடர் தனித்தனி ஊர்களைத் தண்ணீரால் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது. மேற்கே பாய வேண்டிய பெரியாற்றின் நீரை 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வையையில் சேர்க்கிறோம். பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர்ப் பக்கம் வரை அந்நீரைக் கொண்டு செல்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கண்மாய்கள் இருந்தன. புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரையின் சாரம், பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தடுத்து நிறுத்து என்பதே. போர்வெறி கொண்ட மன்னனிடம் புலவர் ஒருவர் பேசத் தேர்ந்த பொருள் நீர்நிலை என்பதை நம் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். நடத்திவிட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போவதில்லை.

நகருக்குள் அழைத்துப் போகவும் இனி இடம் குறைவு. தல்லாகுளம் என்ற பெயரில் குளம் இருக்கிறது. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட உலகனேரியின் பெயரில் ஏரி இருக்கிறது. பெயர்கள் நீரைச் சொல்கின்றன, தெருக்கள் சொல்வதில்லை. ஆகவே நகரைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது.

அப்படிப் போகத்தக்க ஊர்களில் ஒன்று அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் மேலூர் வட்டத்தில் உள்ளது. ஒரு நாள் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊரைத் தென்பாண்டி நாட்டில் காண்பது அரிது. கழிஞ்சமலையின் இயற்கைக் குகையில் தமிழிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. சமணத் துறவியர்க்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை அவை சொல்கின்றன. ஒன்றில் நெல்வேலி என்ற ஊர்ப்பெயர் வருகிறது; மற்றொன்றில் இலஞ்சி என்ற பெயர் வருகிறது. இலஞ்சி என்பது நீர்நிலையையும் குறிக்கும் பழஞ்சொல் என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். நெல்லும் நீரும் ஊர்ப்பெயராகி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாறையில் நிற்கின்றன!

குகைக்கு அருகில் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. அதன் கீழேயுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, மலையின் அன்றைய பெயரைத் திருப்பிணையன்மலை என்று குறிக்கிறது. அச்சணந்தி என்னும் முனிவர் அத்திருமேனியைச் செய்வித்தார் என்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி மக்களுடையது என்று முடிகிறது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மலையின் மறுபுறம் முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. ஊரார் அதை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம் அங்கே உண்டு. சமணமும் சைவமும் ஒரே மலையின் இரு பக்கங்களில்.

இவை கல். இனி நீர். ஏழு குன்றுகள் சூழ்ந்த இவ்வூர்ப் பகுதியில் 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் உள்ளன என்கிறது அரசுக் குறிப்பு. ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் பெயர்பெற்றது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிப் பருந்து உள்ளிட்ட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. இவற்றையெல்லாம் கருதி 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே.

இத்தகைய ஊரை ஒரு நாள் பயணம் எப்படிக் காட்டுகிறது? முதுகலை மாணவர்களோடு நாம் ஒருமுறை அவ்வூருக்குச் சென்றபோது, பயண ஏற்பாட்டாளர் ஒருவர் வழிகாட்டி ஒருவரையும் சேர்த்து அனுப்பினார். நல்ல மனிதர்; மனப்பாடம் அபாரம். அரசர் பெயர்களும் நூற்றாண்டுகளும் அருவியாகக் கொட்டின. குகைக்கு முப்பது நிமிடம், குடைவரைக்கு இருபது நிமிடம், குழுப்படத்துக்குப் பத்து நிமிடம். கண்மாய்க் கரைமீதுதான் நடந்து போனோம். அந்தக் கரையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு அது வழி, காட்சியன்று. 'அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது' என்பதே அவர் அன்று அதிகம் சொன்ன வாக்கியம்.

அன்று மாணவர்களுக்குக் கிடைத்த உண்மையான பாடம் பட்டியலில் இல்லாதது. கலுங்கின் மேல் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மலையப் பாத்தாச்சுல்ல? இங்கிட்டு வாங்க தம்பிகளா" என்று தாமே கூப்பிட்டார். கலுங்கில் வரிசையாக நட்டிருந்த கற்களைக் காட்டினார். "இந்தக் கல்லுக்கு நடுவுல மண்ணையும் புல்லுக்கத்தையையும் வெச்சு அடைச்சா, இன்னும் ஒரு முழம் தண்ணி நிக்கும். எங்க வயலுக்கு ஒரு பூ கூடுதலா வெளையும். ஆனா கீழ்க் கண்மாய்க்காரன் சும்மா இருப்பானா?" என்றார்.

"அப்ப யாரு சொல்றதக் கேப்பீங்க, தாத்தா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

"கல்லு சொல்றதத்தான் ஆத்தா. கல்லு உசரத்துக்கு மேல அடைக்கப்படாது. எங்க தாத்தா காலத்துல இருந்தே அதுதான் கணக்கு."

ஆள் உயரம்கூட இல்லாத அந்தக் கற்கள் ஓர் ஒப்பந்தம். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இடையே எழுத்தில்லாமல் நட்டுவைத்த உடன்படிக்கை. குகையிலுள்ள கல்வெட்டைப் படிக்க அறிஞர் வேண்டும். இந்தக் கல்லைப் படிக்க ஊரார் வேண்டும். இரண்டும் கல்வெட்டே. மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது, கடைமடைக்காரனுக்கு முதலில் தருவதா கடைசியில் தருவதா என்பதையெல்லாம் நீர்பாய்ச்சி என்று ஊர் அமர்த்திய ஒருவர் நிர்வகித்ததையும், கோடையில் கண்மாய்க் கரம்பையை அள்ளி வயலுக்கு அடித்ததையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். அறுவடைக்குப் பின் நீர் வற்றும்போது ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்கும் மீன்பிடித் திருவிழாவை அவர் விவரித்தபோது, குழுப்படம் எடுக்கப் போன மாணவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் செய்துவிடுவோம். நிறைந்த கண்மாயில் மூழ்கித் தூம்பைத் திறந்தவனே 'மடையன்' என்றும், அப்பெயரே பின்னாளில் வசவாகிவிட்டது என்றும் பலர் சொல்வதுண்டு. மடமையிலிருந்து மடையன் வந்தது என்பதே மொழியியல்பாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கதை மக்களிடையே இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. இருட்டு நீருக்குள் மூச்சடக்கி இறங்கி, தூம்பின் அடைப்பை எடுக்கும் வேலை உயிருக்கு ஆபத்தானது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சாதியடுக்கின் கீழே வைக்கப்பட்டவர்கள். கண்மாயை வெட்டுவித்தவன் பெயர் கல்வெட்டில் நிற்கும்; மூழ்கியவன் பெயர் எதிலும் நிற்காது. அந்த நன்றிகெட்ட தனத்தின் உறுத்தலே இக்கதையாக உலவுகிறது என்று தோன்றுகிறது. கீத்தோர்னில் சேற்றில் நின்று மண் வெட்டியவனுக்கும் இவனுக்கும் தூரம் அதிகமில்லை. இருவரையும் வழிகாட்டிகள் தாண்டிச் செல்கிறார்கள்.

'இதெல்லாம் ரசனை சார்ந்த குறை. இதற்கு இவ்வளவு வருத்தம் எதற்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். ரசனையோடு இது முடிந்துவிடவில்லை என்பதை 2024 காட்டியது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவை ஒன்றிய அரசு அறிவித்தது. தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி முதலிய ஊர்கள் அதில் அடங்கின. இரண்டாண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட பல்லுயிர்த் தலமும் அதற்குள் வந்தது. 'தொகுதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்வெட்டில் மலைக்குப் பெயர் இருந்தது. கண்மாய்க்குப் பெயர் இருந்தது. ஏல ஆவணத்தில் எல்லாம் ஒரே தொகுதி. ஓர் இடத்தைப் பார்க்காதவர்கள் அதை எப்படி எழுதுவார்களோ அப்படி எழுதப்பட்டிருந்தது.

பிறகு நடந்ததை நாடே பார்த்தது. ஊர்தோறும் கூட்டங்கள், கிராம சபைத் தீர்மானங்கள், கடையடைப்பு. டிசம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். ஜனவரி 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் வட்டாரத்துக்கு இந்தப் போராட்டம் புதிதன்று. கிரானைட் குவாரிகள் மலைகளைத் தின்றதும், 2012இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அனுப்பிய அறிக்கை அந்த இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டதும் மறக்கக்கூடியவையல்ல.

அரிட்டாபட்டியைக் காத்தது சுற்றுலா என்று நாம் சொல்ல மாட்டோம். காத்தவர்கள் அவ்வூர்களின் மக்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாதிரிக்குடியாரிடம் ஒப்படைக்கப்பட்ட காவல் கைமாறிக் கைமாறி அவர்களிடம் வந்திருக்கிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் வேறொன்றையும் கவனித்தோம். மதுரை நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் 'அங்கே அப்படி என்ன இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல இன்னொருவர் இருந்தார். அவர் எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தவர். மலையேறியவர், சுனையில் கால் நனைத்தவர். அவருடைய ஒரு நாள் வீண்போகவில்லை. அன்று பார்வையாளராகப் போனவர் இன்று சாட்சியாக நின்றார்.

அந்தச் சாட்சிகள் தற்செயலாக உருவானவர்கள் அல்லர். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்து மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட பின்னணியில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய பசுமை நடை, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கெல்லாம் மக்களை அழைத்துச் சென்றது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டின் முன்னாலேயே நின்று எளிய தமிழில் விளக்கினார்கள். குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இதுவும் வழிகாட்டியோடு கூடிய ஒரு நாள் பயணம்தான்; அரை நாள் என்றே சொல்லலாம். வழிகாட்டுபவருக்கு அந்த மலைமீது அக்கறை இருந்தது என்பதே வேறுபாடு.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். கூட்டம் கூடினால் ஊர் கெடும் என்பார்கள். உண்மை. கீத்தோர்ன் மக்கள் தம் வீட்டுத் தோட்டத்துக்குள் அந்நியர் நுழைந்து படம் எடுப்பதைத் தடுக்கப் பலகை மாட்ட வேண்டியிருக்கிறது. கோடை நாள்களில் வாய்க்காலில் படகும் படகும் முட்டிக்கொள்கின்றன. நம்மூர்க் குன்றுகளின் நிலை அதைவிட மோசம். உடைந்த மதுப்புட்டிகள், சமணப் படுக்கைமேல் காதலர் பெயர்கள், தின்பண்ட உறைகள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்தின் அருகே ஆணியால் தன் பெயரைக் கீறுபவனும் 'எழுத்தறிவு' பெற்றவன்தான்! ஊர் அறிவிக்கப்பட்ட தலமாகிவிட்டது, செய்திகளில் அடிபட்டுவிட்டது. இனி வருவோர் எண்ணிக்கை கூடவே செய்யும். வராதீர்கள் என்று சொல்லித் தடுக்க இயலாது. எப்படி வருவது என்று சொல்லத்தான் இயலும். ஆகவே நம் கருத்துகளை வெளிப்படையாகவே வைக்கிறோம்.

முதலாவது, வழிகாட்டி அவ்வூர்க்காரராக இருக்க வேண்டும். கல்வெட்டு வாசிப்பை அறிஞர்களிடமிருந்து அவர் கற்றுக்கொள்ளட்டும். தொல்லியல் துறையும் கல்லூரிகளும் கற்றுக்கொடுக்கட்டும். கலுங்கையும் மடையையும் வரத்துக்காலையும் அவருக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். வெளியூர் ஏற்பாட்டாளருக்குப் போகும் கட்டணத்தில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகட்டும். அவரவர் ஊரை அவரவர் வாயால் சொல்லக் கேட்பதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. 'வேடிக்கை பார்க்க வந்தவர்' என்னும் நிலையிலிருந்து 'விருந்தாக வந்தவர்' என்னும் நிலைக்கு நாம் உயர்வோம். விருந்தாளி தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைய மாட்டார். குப்பையை விட்டுச் செல்லவும் மாட்டார்.

இரண்டாவது, எண்ணிக்கையை ஊரே முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்தெந்தச் சுனைப்பக்கம் போகலாம், வல்லூறுகள் கூடு கட்டும் காலத்தில் எந்தப் பாறைப்பக்கம் போகக்கூடாது என்பதைக் கிராம சபை வகுக்கட்டும். கலுங்குக் கல்லின் உயரத்தை வகுத்தவர்களுக்கு இது பெரிய காரியமன்று. நீருக்கு ஓர் அளவு வைத்தவர்கள் மனிதர்க்கும் ஓர் அளவு வைக்கலாம்.

மூன்றாவது, பருவம். நம் கல்லூரிகள் சுற்றுலா போவது பெரும்பாலும் கல்வியாண்டின் இறுதியில், வெயில் ஏறிய பிறகு. அப்போது கண்மாய் வற்றத் தொடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின், மார்கழியிலோ தையிலோ போக வேண்டும். அப்போதுதான் நீர் நிற்கும்; பறவை வரும்; மறுகால் பாயும் ஓசையைக் கேட்க முடியும். கண்மாய்க்கும் மைதானத்துக்கும் வேறுபாடு தெரியாமல் வளரும் தலைமுறைக்கு அந்த ஓசை கேட்டாக வேண்டும். கண்மாயை மைதானமாகப் பார்த்துப் பழகியவர்கள்தாம் நாளை அதை மனையாகப் பார்க்கிறார்கள்.

நான்காவது, ஆசிரியர்களாகிய நம் பங்கு. தொல்லியலுக்கு ஒரு தாள், நாட்டுப்புறவியலுக்கு ஒரு தாள், சங்க இலக்கியத்துக்கு ஒரு தாள் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு கண்மாய்க் கரையில் இம்மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. மாணவர்கள் ஆளுக்கொரு கண்மாயை எடுத்துக்கொண்டு அதன் பெயர், வரத்து, மடைகளின் பெயர், மறுகால் போகுமிடம், அங்குள்ள காவல் தெய்வம், நீர்பாய்ச்சிய குடும்பங்களின் நினைவுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவந்தால் அதைவிடச் சிறந்த ஆய்வேடு வேறேது? மடைகளுக்கும் பெயர் உண்டு என்பதே நம் மாணவர் பலருக்குச் செய்தி. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துப் போனால் கரை இருக்கும். சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

இதற்கெல்லாம் பெரும் நிதி வேண்டாம். ஒரு பேருந்து, ஒரு ஞாயிறு, ஊரில் சமைத்த மதிய உணவு, கேட்கத் தயாராக இருக்கும் இரண்டு காதுகள். கீத்தோர்ன் வரை செல்லும் வாய்ப்புடையோர் மகிழ்ச்சியாகச் சென்று வரட்டும். அங்கும் படகோட்டியிடம் 'இந்த வாய்க்காலை வெட்டியவர்கள் யார்?' என்று ஒரு கேள்வி கேட்டு வரட்டும். ஆனால் அதற்கு முன் 25 கி.மீ. தொலைவிலுள்ள ஓர் ஊரின் கலுங்கின்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. அடுத்த முறை யாரேனும் ஒரு வரைபடத்தை விரித்து, அதில் கட்டம் போட்டு, அதற்கு ஓர் எண் கொடுத்து, 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்கும்போது, பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் இன்னும் சில நூறு பேராவது இருக்க வேண்டும்.

வரும் மார்கழிக்கு இன்னும் காலம் இருக்கிறது. கல்லூரிகளில் பணியாற்றும் நண்பர்கள் இப்போதே திட்டமிடலாம்.